டபுள் டிராக்கும் ரயில்கேட் அக்காவும்

ரயிலை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவர் பேராக் மாநிலத்திலேயே எங்கள் ரயில்கேட் அக்கா ஒருவர்தான். இத்தனைக்கும் அவர் ஒருநாளும் ரயிலில் ஏறியதில்லை.

சிலிம் ரிவர் பக்கம், எங்கள் தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவே தண்டவாளம். கேட் மூடினால் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும். பேச்சுவார்த்தை இல்லாத பகையாளிகளை அக்கா அங்கேதான் பிடிப்பார். தப்பி ஓட வழி கிடையாது. பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை; பிள்ளைகளை அதட்டி அதட்டி வளர்ந்த குரல் வேறு.

நானும் என் மச்சானும் ஒரு கோழிக்கூண்டுத் தகராறில் முறைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் இரண்டு மோட்டார்சைக்கிள் சாவியையும் உருவிக்கொண்டார்.

"கேட் தொறக்கறதுக்குள்ள பேசி முடிங்கலா. இல்லாட்டி நடந்தே வீட்டுக்குப் போங்க!"

கூட்ஸ் ரயில் கடப்பதற்குள் நாங்கள் சமாதானம்.

அக்காவுக்கு மசியாத ஒரே ஆள் சொந்தத் தம்பி முனியாண்டி. தோட்டத்துப் பெண்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறவன். அவன் மகனின் காதுகுத்து விருந்தில் அக்கா மைக்கைப் பிடித்து, "பிரியாணி வேகலை, யாரும் அவசரப்பட்டு உக்காராதீங்க" என்று அறிவித்ததிலிருந்து பேச்சு நின்றுபோனது. கேட்டில் அக்காவைக் கண்டால் கண்ணாடியைச் சாத்தி ரேடியோவை அலறவிடுவான்.

அக்கா அசரமாட்டார். "இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு. ரயில் வராமலா போவுது?"

ரயில் வந்தது. கேட்தான் போய்விட்டது. இரட்டைத் தண்டவாளம் போட்டு, தெருவைத் தூக்கி மேலே பாலமாக வைத்துவிட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. அக்கா மட்டும் பாலத்தை அண்ணாந்து பார்த்து, "எவன்லா இத கேட்டான்?" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் மகள் தேவிக்குக் கல்யாணம் கூடிவந்தது. "மாமா மாலை போட்டாத்தான்மா நான் மணவறை ஏறுவேன்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அக்கா தம்பி வீட்டுக்கு நடையாய் நடந்தார். கதவு திறக்கவேயில்லை.

ஒரு காலையில் முனியாண்டியின் பஸ்ஸுக்குப் பின்னால் நான் மோட்டாரில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தின் உச்சியில் பஸ் சடக்கென்று நின்றது. எட்டிப் பார்த்தால், அக்கா தன் மோட்டாரைக் குறுக்கே போட்டுவிட்டு, வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தோடு நடுரோட்டில் நிற்கிறார்.

"ரயில் வருது, நில்லு!"

கீழே நிஜமாகவே ரயில் போனது. முனியாண்டி கண்ணாடியைச் சாத்தினான். ரேடியோ அலறியது. பின்னால் ஹார்ன் காதைப் பிளந்தது.

"ரயில் போயிருச்சுக்கா, வழி விடுங்க!" என்று நான் கத்தினேன்.

"இன்னொன்னு வரும்லா. அதான் டபுள் டிராக் போட்டிருக்கானே!"

பஸ்ஸில் இருந்த பெண்கள் பொறுமை இழந்தார்கள். "அண்ணே, வேலைக்கு லேட்டாச்சுன்னா சூப்பர்வைசர்கிட்ட நீங்களா வந்து பேசுவீங்க? கல்யாணத்துக்கு வாரேன்னு சொல்லித் தொலைங்கலா!"

கண்ணாடி மெல்ல நகர்ந்தது.

"பிரியாணி யாரு ஆக்கறது?" என்றான் முனியாண்டி.

"நீ சொல்ற ஆளுதான். வேகலைன்னாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்டா. நீ வந்தா போதும்."

அத்தனை பெரிய குரல் தழுதழுத்து அன்றுதான் கேட்டேன். முனியாண்டி இறங்கி வந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான்.

தேவிக்குத் தாய்மாமன்தான் மாலை போட்டான். பிரியாணி சத்தியமாக வேகவில்லை. அக்கா வாயே திறக்காமல், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அக்கா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. நான் குனோங் ராபாட்டுக்குக் குடிவந்துவிட்டேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாலத்தின் உச்சியில் என் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது.

"எதுக்கு நிறுத்துறீங்க?" என்பாள் மனைவி.

"அக்கா நிக்கச் சொல்றாங்க" என்பேன்.