நீராவி விமானமும் ஒழுகும் குழாயும்

ஊருக்கு ஒரு ‘மட்டும்’காரர் கட்டாயம் இருப்பார். “அந்தப் போர் மட்டும் இன்னும் ரெண்டு வருஷம் நடந்திருந்தா...” என்று ஒருவர் ஆரம்பித்தால் உடனே செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

நம்மவர் குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். பகலெல்லாம் ஊருக்குக் குழாய் வரைவார். வீடு திரும்பியதும், நடக்காத சரித்திரத்துக்கு விமானம் வரைவார். அந்தச் சரித்திரத்தில் பெட்ரோல் என்று ஒன்று கண்டுபிடிக்கப்படவே இல்லை. ஆகவே எட்டுப் புகைபோக்கியும் மூன்றடுக்கு இறக்கையும் முதுகில் ஒரு கொதிகலனுமாக அவருடைய விமானங்கள் நீராவியில் பறக்கும். ஒவ்வொரு திருகாணிக்கும் எண் உண்டு. பிறக்காத விமானிக்கு ஓய்வு பெறும் வயதுகூட உண்டு. வீட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் மூன்று மாதமாக ஒழுகிக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் மனைவி படத்தை எட்டிப் பார்த்தார்.

“எல்லாம் சரிங்க. இதுல எப்படி ஏறுறது? கதவையே காணோமே.”

இருநூற்றுப் பதினோரு விமானங்கள். ஒன்றிலும் கதவில்லை. அதெல்லாம் சில்லறை விவரம் என்று நம்மவர் தள்ளிவிட்டார்.

நிஜ விமானத்தில் அவர் ஏறியதில்லை. இன்றைய விமானங்கள் எல்லாமே ஒரு தவறான முடிவின் வாரிசுகளாம். அவற்றில் கால் வைப்பது கொள்கைக்கு விரோதமாம். அந்தக் கொள்கைக்கு முழங்கால் நடுக்கம் என்று இன்னொரு பெயரும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கையிடமிருந்து போன் வந்தது. அம்மா அவள் வீட்டில்தான் இருந்தார், இரண்டு நாள் ரயில் தூரத்தில்.

“அண்ணா, அம்மாவுக்கு முடியல. உன்னையே கேட்டுட்டிருக்காங்க. டாக்டர் நாளைக்கு வரைக்கும்தான்னு சொல்றார். சாயங்காலம் ஒரு ப்ளேன் இருக்கு, ஏறிடு.”

மனைவி பெட்டியை அடுக்கிவிட்டார். நம்மவரோ டாக்டர்கள் எப்போதுமே பயமுறுத்துவார்கள் என்று கண்டுபிடித்து ரயிலேறினார். வழியெல்லாம், நீராவி விமானம் மட்டும் நிலைத்திருந்தால் இந்தத் தூரத்தை மூன்றே மணி நேரத்தில் கடந்திருக்கலாம் என்று எதிர் இருக்கைக்காரருக்குப் படம் போட்டு விளக்கினார். எதிர் இருக்கைக்காரர் வாயைப் பிளந்தார். சாயங்கால விமானத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்பதை மட்டும் நம்மவர் படத்தில் சேர்க்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவியிருந்தது. தங்கை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாங்க. ‘அவனுக்கு ப்ளேன்னா உசிருடி, அதுலதான் வருவான்’னு சொன்னாங்க.”

சரித்திரத்தை எங்கே திருப்பியிருக்கலாம் என்று அன்று அவர் யாருக்கும் விளக்கவில்லை.

இப்போது இருநூற்றுப் பன்னிரண்டாவது விமானம் மேசைமேல் இருக்கிறது. இறக்கை இல்லை, புகைபோக்கி இல்லை, இன்னும் எதுவுமே இல்லை. முதலில் வரைந்தது கதவைத்தான். திறந்த கதவு, தரைவரை இறங்கிய படிக்கட்டு. மனைவி பார்த்தார். காப்பியை வைத்துவிட்டுப் போனார்.

நல்ல பைத்தியம் என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ‘அன்னைக்கு மட்டும் நான்...’ என்று நீங்கள் ஒருநாளும் ஆரம்பித்ததில்லை அல்லவா?

அது இருக்கட்டும். உங்கள் வீட்டுக் குளியலறையில் ஏதோ சொட்டுகிற சத்தம் கேட்கிறதே.