இன்னா அவசரத்திடம் வாங்கிய இரவல் மாணவி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் 'இன்னா அவசரம்' மாதிரி ஒரு நிதானஸ்தர் கிடைத்திருக்க மாட்டார். வடக்குப்பட்டுப் பக்கம் ரைஸ் மில்லில் எஞ்சின் டிரைவர். எதைச் சொன்னாலும் "இன்னா அவசரம்?" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

அறுபதுகளில் நான் அந்த ஊர்த் தொடக்கப்பள்ளியில் உதவி ஆசிரியர். பிள்ளைகள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் என் போஸ்ட் காலி, கண்காணாத ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று ஹெட்மாஸ்டர் தினமும் பயமுறுத்துவார். அந்த வருஷம் சொல்லி வைத்தாற்போல ஒன்று குறைந்தது. அந்த ஒன்று, இன்னா அவசரத்தின் மகள் மரகதம்.

ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில் சேர்த்த சில மாதத்திலேயே அவர் நிறுத்திவிட்டார்.

"பாடம் ஓடுது வாத்தியாரே. புள்ள நடந்து வர்றதுக்குள்ள அது பூடுது. நாங்க வூட்லயே பாத்துக்கறோம்."

வீட்டில் விஞ்ஞானம் நடந்தது. ஒரு சமயத்துக்கு ஒரே கேள்வி. அது எப்போது தீர்கிறதோ அப்போதுதான் அடுத்தது. வாராவாரம் வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போய்க் கெஞ்சுவேன். இப்போது நினைத்தாலும் கால் வலிக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாச்சும் கேளுங்க சார். ஒரு மாசமா அண்டாவுல தலைப்பிரட்டைய வுட்டுகினு கீறாங்க, அப்பனும் பொண்ணும். அதோட வாலு எங்க போவுதுன்னு பாக்கணுமாம். நாங்க குளிக்க ஏரிக்குப் போறோம்."

"எங்கேதான் போகிறது?" என்று கேட்டுத் தொலைத்தேன். அந்த ஞாயிறு அதோடு போயிற்று.

மில்லில் நடந்தது அதைவிட மோசம். எஞ்சினிலிருந்து அரவை மிஷினுக்குப் போகும் பெல்ட்டை ஏன் குறுக்கே முறுக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று மரகதம் கேட்டுவிட்டாள். வெளியே நாலு வண்டி நெல் காத்திருந்தது. இவர் எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டை நேராக மாட்டி, மறுபடி ஓட்டிக் காட்டினார். மிஷின் எதிர்ப்பக்கம் சுற்றியது. கொட்டிய நெல்லெல்லாம் கொட்டிய வாய் வழியாகவே எகிறி முதலாளி தலையில் அட்சதையாக விழுந்தது. முதலாளி சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னா அவசரம் மொதலாளி, புள்ளைக்கு இப்பதான் புரிஞ்சுது" என்றார் நம்ம ஆள்.

இதற்கிடையில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரும் நாள் நெருங்கியது. இன்ஸ்பெக்ஷன் என்றால் வெளிப் பிள்ளைகளை இரவல் வாங்கி வகுப்பை நிரப்புவது அன்றைய வழக்கம். மரகதத்தை ஒரே ஒரு நாளைக்குக் கேட்டேன்.

"இட்டுகினு போங்க வாத்தியாரே. ஆனா வெறுங்கையோட அனுப்பாதீங்க. ஒரு சந்தேகமாச்சும் குடுத்து அனுப்புங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "அவரை விதை முளைக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். "மூன்று நாள்!" என்று வகுப்பே கத்தியது. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மரகதம் மட்டும் எழுந்து நின்றாள்.

"நாங்க அஞ்சு தபா போட்டோம் சார். ரெண்டு தபா நாலு நாள் ஆச்சு. ஒரு தபா மொளைக்கவே இல்ல. ஏன்னு இன்னும் பாத்துகினு கீறோம்."

இன்ஸ்பெக்டர் பூரித்துப்போனார். "பலே! இந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருஷமாகப் படிக்கிறாய் அம்மா?"

"இன்னிக்குத்தான் சார் வந்தேன். சாயங்காலம் திருப்பி அனுப்பிடுவாங்க."

ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார். ஒரு வாரத்துக்குள் நிஜமாகவே ஒரு பிள்ளை சேராவிட்டால் என் போஸ்ட் ரத்து என்று எழுதி வைத்துவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. இனி அந்த வீட்டுப் படியேறிக் கெஞ்ச உடம்பில் தெம்பில்லை. டிரங்குப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

திங்கட்கிழமை மணி அடித்தபோது, மகளின் கையைப் பிடித்தபடி இன்னா அவசரம் வந்து நின்றார்.

"எழுதிக்குங்க வாத்தியாரே, நெசமாவே."

"என்னய்யா திடீரென்று?"

"நான் உண்மைய சொன்னதால சாருக்கு வேலை பூடுமாப்பான்னு புள்ள கேட்டுது. மத்த கேள்வின்னா போட்டு ஊற வெச்சுப் பாப்போம். இத அப்பிடி வுட முடியல."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனவர், ஜன்னலோரமாகவே நின்றுவிட்டார். பெற்றவர்கள் அங்கே நிற்கக்கூடாது என்பது சட்டம். மத்தியானம் வரை நின்றார். போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.