"நார்மலா, ஆபரேஷனா?" என்று கேட்பவர்

இவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டேன். ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று காதில் விழுந்ததும், ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால், தாய் கண் விழித்தாளா, பிள்ளை பால் குடித்ததா என்கிற சில்லறை விசாரணைகளுக்கெல்லாம் வெகு முன்னால், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நார்மலா, ஆபரேஷனா?" என்று கேட்கிறாரே, அவர்தான். நார்மல் என்றால் முகம் மலரும். பெற்றவளுக்குப் பரிவட்டம் கட்டாத குறை. ஆபரேஷன் என்றால் "ப்ச்" என்பார். அந்த ஒரே "ப்ச்"சில் டாக்டர், ஆஸ்பத்திரி, இந்தக் காலத்துப் பெண்கள், மிக்ஸி, கிரைண்டர், பாக்கெட் பால் எல்லாவற்றுக்கும் தண்டனை வழங்கப்பட்டுவிடும்.

பிரசவத்தில் இவருக்கு என்ன அனுபவம் என்று கேட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்த அனுபவம் உண்டு. போதாதா?

ஊருக்கு ஒருவர் நிச்சயம். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம், எங்களுக்கு வாய்த்தவர் பஞ்சாட்சரம். புளிய மரங்களும் சாமைக் கொல்லையும் உள்ள பெரிய மனிதர். வாயும் வயிறுமாக ஒரு பெண் வழியில் போனால் போதும், பின்னாலேயே நாலடி நடந்து, நடையைப் பார்த்து, "இது நார்மல்தான், எழுதி வச்சுக்கோ" என்பார். அப்படியே நடந்தால் அவர் சொன்னது பலித்தது. நடக்காவிட்டால் டாக்டர் கெடுத்தது. தோற்கவே முடியாத ஆட்டம் ஐயா அது!

அவருடைய தாயார் கேழ்வரகு அறுத்துக்கொண்டே வந்தவள், அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பெற்று, ஒரு வாய் கூழ் குடித்துவிட்டு, மிச்சக் கொல்லையையும் அறுத்து முடித்தாளாம். சொல்லச் சொல்ல அந்தக் கொல்லை வளர்ந்துகொண்டே போகிறது. போன முறை சொன்னபோது அம்மாள் அறுத்துக்கொண்டே மலையடிவாரத்து ஆலங்காயம் வரைக்கும் இறங்கிவிட்டாள்.

இந்த இனத்தில் இன்னொரு கிளையும் உண்டு. இவர்கள் ஆபரேஷன் பக்தர்கள். செங்கத்தில் உரக்கடை வைத்திருக்கும் வெற்றிவேல் அந்தக் கட்சி. கையில் எப்போதும் பஞ்சாங்கம். "ஆபரேஷன்ல இன்னா வசதின்னா, நேரத்த நாம்ப வைக்கலாம். நார்மல்ல புள்ள அது இஷ்டத்துக்கு வரும். இன்னா பொறுப்பு கீது அதுல?" என்பார். பிறக்காத பிள்ளையிடமே பொறுப்பை எதிர்பார்க்கிற மனிதர்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் கல்பனா. பஞ்சாட்சரத்தின் அண்ணன் மகன் சந்திரனின் மனைவி, வெற்றிவேலின் தங்கை. யோகத்தைப் பாருங்கள்! தலைப்பிள்ளை ஆபரேஷனில் பிறந்தது. அப்போது அவள் வலியில் துடித்துக்கொண்டிருக்க, வெளியே பஞ்சாட்சரம் வாதாட, வெற்றிவேல் நேரம் பார்க்க, சந்திரன் கையெழுத்துப் போட்டான். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தி பட்ட புண்ணைவிட அதுதான் அவளுக்கு ஆறாமல் இருந்தது.

இந்த முறை, அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ரபியா டாக்டர் அவளிடமே தெளிவாகச் சொல்லியிருந்தார். பழைய தழும்பு நன்றாக இருக்கிறது; சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம், இல்லை நேராக ஆபரேஷனும் செய்துகொள்ளலாம்; இரண்டிலும் நல்லதும் உண்டு, பயமும் உண்டு; எதுவானாலும் வலி எடுக்கும் முன்பே மலையை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கத்தில் வந்து தங்கிவிட வேண்டும்; அடுத்த தடவை வரும்போது முடிவைச் சொல். கல்பனா இரண்டையும் மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறும் அவளுடையது, உயிரும் அவளுடையது அல்லவா?

அவளுடையதாம்! அந்த நாளும் வந்தது. ஜீப் கிளம்பி முதல் வளைவு திரும்புவதற்குள் பஞ்சாட்சரம் ஆரம்பித்துவிட்டார்.

"நார்மலுக்கே சொல்லிடும்மா. கத்தி வச்ச ஒடம்புல மறுபடி கத்தி வைக்கக்கூடாது."

"மாமா, நான் நாளே குறிச்சிக்கினு வந்துட்டேன். வெள்ளிக்கெழம காலைல. அத்த வுட்டா நல்ல நேரமே இல்ல" என்றார் வெற்றிவேல்.

"நேரம் பாக்கறதுக்கு இது இன்னா புது வூடா? பால் காய்ச்சப் போறமா?"

மலை ஜீப்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு கூட்டம், பின்படியில் ஒரு கூட்டம். அத்தனை பேரும் கட்சி பிரிந்துவிட்டார்கள். சத்தம் தாங்காமல் டிரைவர் சின்னதம்பி, "சண்ட எதுக்குங்க? கைய தூக்குங்க, எண்ணிடலாம்" என்றார். எண்ணினார்கள்! சாந்தம்மாள் என்கிற அம்மாள் மடியில் பலாப்பழம் இருந்தது. "என் ஓட்டு ஆபரேஷனுக்கு. யாராச்சும் பழத்த புடிங்க, கைய தூக்கறேன்" என்றாள். பழத்தைப் பிடித்த நார்மல்காரருக்குக் கை தூக்க முடியாமல் போனது. அவர் அடுத்தவரிடம் தள்ள, பழம் ஜீப் முழுக்கச் சுற்றி வந்து, போன இடமெல்லாம் ஓட்டைக் குறைத்தது. பின்படியில் தொங்கியவர்கள் கை தூக்கினால் விழுந்துவிடுவார்கள் என்பதால் வாயாலேயே போட்டார்கள். ஒருவர் நார்மலுக்கும் தூக்கினார், ஆபரேஷனுக்கும் தூக்கினார். கேட்டால், "எது நடந்தாலும் நான் சொன்னதாவே இருக்கட்டும்" என்றார்.

"பொம்பளைன்னா வலி தாங்கணும்!" என்று பஞ்சாட்சரம் முழங்கினார்.

அவர் மனைவி ரேணுகாதேவிக்குப் பொறுக்கவில்லை. "அய்ய, வாய மூடுய்யா. கால் கட்ட வெரல் நகம் புடுங்கறதுக்கு முழு மயக்கம் குடுங்கன்னு டாக்டரு கால்ல வுழுந்த ஆளு நீ!"

ஜீப் குலுங்கியது. பள்ளம் காரணமில்லை. இத்தனை ஆரவாரத்திலும் எண்ணப்படாத ஒரே ஆள் கல்பனா. வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அறைக்குள் எல்லோரும் நுழைந்தார்கள். பலாப்பழமும் நுழைந்தது.

"யாருக்குப் பிரசவம்?" என்றார் ரபியா டாக்டர்.

"எங்களுக்குத்தாங்க" என்றார் பஞ்சாட்சரம்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். நீங்க மொதல்ல அந்தக் கட்டில்ல படுங்க, வயித்தப் பாக்கறேன். அடுத்தது பஞ்சாங்கக்காரர் ரெடியா இருங்க."

அறை காலியான வேகத்தைச் சொல்லி முடியாது. கதவு மூடிக்கொண்டது. உள்ளே கல்பனா முதல்முறையாகத் தன் கேள்விகளையெல்லாம் கேட்டாள். தழும்பு விட்டுப்போனால் என்ன ஆகும், வலி எடுத்து நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள், மூத்தவனை எப்போது இடுப்பில் தூக்கலாம். கொஞ்சம் அழுதாளாம். ஆனால் வெளியே வந்தபோது முகம் கழுவி விட்டாற்போல் இருந்தது.

"இன்னாம்மா முடிவு?" என்று இரண்டு கட்சியும் எழுந்தன.

"முடிவு பண்ணிட்டேன் மாமா."

"அதான் இன்னான்றேன்?"

"பெக்கப்போறது நானு. ஒங்களுக்கு எதுக்கு? சொல்ல மாட்டேன்."

அடடா, அதற்குப் பிறகு அந்த இரண்டு மனிதர்களும் பட்ட பாடு இருக்கிறதே! சந்திரனுக்கு மட்டும் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை அவளைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவன், இந்த முறையாவது அவள் பேச்சைக் காப்பாற்றினான். கல்பனா அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டாள். பஞ்சாட்சரத்துக்குச் சோறு இறங்கவில்லை. வெற்றிவேல் யூரியா கேட்டவருக்கு எலி மருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஒரு நாள் சந்திரனிடமிருந்து போன் வந்தது. "சித்தப்பா, பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

"அது கெடக்குது. நார்மலா, ஆப..."

மலையில் டவர் போய்விட்டது. டவருக்கும் ஒரு மனசாட்சி இருக்கிறது.

அடித்துப் பிடித்து இறங்கி வந்தார்கள். வார்டில் பஞ்சாட்சரம் குழந்தையைப் பார்க்கவில்லை. கட்டிலைச் சுற்றி வந்து துப்பறிந்தார். பிளாஸ்கில் கஞ்சியா, காபியா? போர்வைக்கு மேல் கை எங்கே இருக்கிறது? எழுந்து உட்காருகிறாளா, ஒருக்களித்தே படுத்திருக்கிறாளா? ஒன்றும் பிடிபடாமல், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வலிக்குதாம்மா?" என்றார்.

ரேணுகாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதன் திருந்திவிட்டான்! கல்பனாவுக்கும்தான். இரண்டு பிள்ளை பெற்றதில் முதல்முறையாக அவர் கேட்கிறார். "வலிக்குது மாமா" என்றாள்.

அவர் இன்னும் குனிந்தார். "எங்க வலிக்குது? மேலயா, கீழயா?"

வார்டே வெடித்துச் சிரித்தது. கல்பனா சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த குட்டிப் பெண் விழித்துக்கொண்டது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது, போங்க மாமா!" என்றாள்.

கதை அவ்வளவுதான். தாயும் சேயும் சுகம். குட்டிப் பெண் நன்றாகப் பால் குடிக்கிறாள். கல்பனா எதை நினைத்தாளோ, அது அவள் நினைத்தபடியே நடந்தது. இன்னும் என்ன வேண்டும்?

எனக்குத் தெரியும், நீங்கள் இன்னும் எழுந்து போகவில்லை. "சிரித்தால் வலிக்கிறது என்றாளே, அப்படியானால்..." என்று இரண்டு வரி மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். பிரயோஜனமில்லை, இரண்டிலும் தையல் உண்டு. அதற்கும் மேலே போய், பிளாஸ்கில் கஞ்சி இருந்ததா காபி இருந்ததா என்று தேடுகிறீர்கள்.

வாருங்கள், ஜீப்பில் பஞ்சாட்சரத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. இந்தாருங்கள், பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.