கேப்சூல் அண்ணன் செய்த பல் வைத்தியம்

வாலாஜாபாத் சாலையில் இருந்த மருந்துக்கடைகளை வாழவைத்தது நோயாளிகள் அல்ல, ஒரே ஒரு ஆள். எங்கள் போல்ட் கம்பெனியின் லேத் ஆபரேட்டர். நிஜப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. எல்லோருக்கும் அவர் ‘கேப்சூல்’.

1991-ல் நான் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாளே, சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் தயிர்சாதம் தொண்டையில் இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒரு கேப்சூலை எடுத்தார். இரண்டாகப் பிட்டு, பொடியை உள்ளங்கையில் கொட்டி, ஈறு முழுக்கத் தேய்த்தார். வெறும் கூட்டையும் விழுங்கினார்.

“இன்னாண்ணா பண்றீங்க?”

“ஈறுல ரத்தம் வருது நைனா. ஒம்போது வருசமா இதான் வைத்தியம்.”

“டாக்டர்கிட்ட காட்டலாமே?”

“அவரும் இதத்தான் எழுதுவாரு. நடுவுல அவரு எதுக்கு?”

அடுத்த மாதம் என் ஈறு வீங்கியது. “வாயத் தொற” என்றார் கேப்சூல் அண்ணன். திறந்தது என் தப்பு. முழு கேப்சூல் உள்ளே போய்விட்டது.

கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்கி, தொண்டை இறுகி, மூச்சு விசிலடித்தது. கேப்சூலின் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வந்த செங்கல் லாரியின் குறுக்கே நின்றார். “நிறுத்துடா! புள்ள பூடுவான்டா!”

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டதும் மூச்சு திரும்பியது. பிறகு அவர் நிமிர்ந்தார்.

“எவன்யா மாத்திரை குடுத்தது?”

“நான்தான் சார்.”

“நீ டாக்டரா?”

“லேத்து சார். என் ஈறுக்கும் இதான் போடுறேன்.”

“வாயத் திற.”

பார்த்த டாக்டரே ஒரு அடி பின்வாங்கினார். முன்பற்கள் ஊஞ்சலாடின. “பல்லைச் சுத்திக் கல்லு மாதிரி காரை கட்டியிருக்கு. அதைச் சுரண்டி எடுக்காம நீ கடையையே முழுங்கினாலும் ஈறு ஆறாது. மாத்திரை வேணுமா வேணாமான்னு பல் டாக்டர் சொல்லட்டும்.”

“அந்த சேருல குந்த பயம் சார்” என்று சொல்லிவிட்டு கேப்சூல் அழுதேவிட்டார். ஒன்பது வருடமும் அதுதான் காரணமாம்!

அடுத்த வாரம் காஞ்சிபுரத்துப் பல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். சேரில் உட்கார்ந்து கேப்சூல் பிடித்த பிடியில் என் விரல்கள் நசுங்கின. நாலு பற்களைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவை பிழைத்தன. ரத்தமும் நின்றது.

அன்றிலிருந்து தினமும் ஷிஃப்ட் தொடங்குமுன் ஸ்டோர் ஜன்னலில் பொக்கை வாயோடு அவர் முகம் தெரியும். “மூச்சு நல்லா கீதா நைனா?”

நான் வேலையை விட்டு வந்த நாள்வரை, ஒருநாளும் அவர் அதைக் கேட்காமல் லேத்தைத் தொட்டதில்லை.