அடுத்த கப்பல் அண்ணாச்சியின் ஆட்டப்பெட்டி

இந்தியாவில் வீடியோ கேமுக்குக் கிடைத்த முதல் வெறிபிடித்த ரசிகர் பம்பாயிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. போர்ட் பிளேரில், மின்னி பே பகுதியில், தகரக் கூரை போட்ட எங்கள் மன்றத்தில், கிழிந்த பாயின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த விளையாட்டை அவர் ஒரு முறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு ரசிப்பது யாராலும் முடியும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் அடுத்த கப்பல் அண்ணாச்சி. எதைக் கேட்டாலும், "அடுத்த கப்பல்ல வருதுவே" என்பார். எழுபதுகளின் கடைசியில் அந்தமானில் அது பொய்யும் இல்லை. எங்களுக்கு எல்லாமே மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வந்தாக வேண்டும், எதுவும் முழுதாக வராது. மின்விசிறி இந்தக் கப்பலில் வந்தால் அதன் இறக்கை அடுத்த கப்பலில் வரும். நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்கு ஒரு டைப்ரைட்டர் உருளை இல்லாமல் வந்து சேர்ந்தது. உருளை கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதங்களை எல்லாம் அந்த டைப்ரைட்டரைத் துணி போட்டு மூடி, அதன் மேல் தாளை வைத்துக் கையால் எழுதினோம். செய்தித்தாள்கூடக் கட்டாக வரும். பழைய தேதியிலிருந்து வரிசையாகத்தான் படிப்போம். அடியிலிருந்து கடைசித் தாளை உருவி கிரிக்கெட் முடிவைச் சொல்லிவிட்டவனோடு ஒரு மாதம் யாரும் பேச மாட்டார்கள்.

அண்ணாச்சி கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் வின்ச் ஓட்டுபவர். கப்பலிலிருந்து சரக்கை இரும்புக் கயிற்றில் தூக்கிக் கரையில் இறக்கும் வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் கேரம். அவர் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் காய் குழிக்குள் விழுந்த பிறகுதான் சத்தம் வரும் என்று பேசிக்கொள்வோம். ஒருநாள் இரும்புக் கயிறு இழுத்ததில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மிச்சமிருந்த மூன்று விரல்களால் வின்சை ஓட்டிக்கொண்டார். கேரம் மட்டும் ஆட முடியவில்லை. இடது கையால் முயன்று பார்த்தார். ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டிப் பறந்து மன்றத் தலைவரான காண்ட்ராக்டரின் டீ டம்ளருக்குள் விழுந்தது.

அதோடு அவர் ஆட்டத்தை விட்டார். பலகையோரம் உட்கார்ந்து மற்றவர்கள் ஆட்டத்துக்குக் குற்றம் சொல்லும் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டார். தோற்றவனைவிட ஜெயித்தவன்தான் அவரிடம் அதிகம் திட்டு வாங்கினான். சிரித்துக்கொண்டேதான் திட்டுவார். ஆனாலும் அந்த மனிதருக்கு இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அந்தச் சமயத்தில்தான் சூசை லீவில் வந்தார். தூத்துக்குடிக்காரர், வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை, குடும்பம் எங்கள் தெருவில். சிங்கப்பூரில் பார்த்த அதிசயத்தை மன்றத்தில் விவரித்தார்.

"சின்னப் பெட்டி அண்ணாச்சி. அதுல ரெண்டு திருகு. நீங்க ஒண்ணத் திருகணும், எதிராளி ஒண்ணத் திருகணும். டி.வி.யில ஒரு பந்து அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும். தடுக்கணும். அவ்வளவுதான்."

"திருகணும்னா? எத்தன வெரலு வேணும்?"

"கட்டவிரலும் மோதிரவிரலும் இருந்தாலே போதும் அண்ணாச்சி."

அண்ணாச்சி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "இங்க ஏது டி.வி.?" என்று கேட்டேன்.

"அது அடுத்த கப்பல்ல வருதுவே."

ஒருவரும் மறுக்கவில்லை. மின்விசிறிக்கு இறக்கை வரவில்லையா, டைப்ரைட்டருக்கு உருளை வரவில்லையா? பெட்டி முன்னால் வரும், டி.வி. பின்னால் வரும். முழுதாக வருமென்று எதிர்பார்ப்பதுதான் எங்கள் ஊரில் பைத்தியக்காரத்தனம்.

கடைகளில் கேள்விப்பட்ட இன்னொன்றையும் சூசை சொல்லிவிட்டுக் கப்பலேறினார். அடுத்து வரப்போகும் பெட்டியில் இன்னும் நிறைய ஆட்டங்கள் இருக்குமாம், அடுத்த லீவுக்கு அதையே வாங்கி வருகிறாராம். என்னென்ன ஆட்டம் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் குறையை அண்ணாச்சி தீர்த்து வைத்தார்.

"மொத ஆட்டம் கேரம். அதுல சந்தேகமே கெடயாது. ரெண்டாவது, கப்பல் டிக்கெட்டு."

"அதென்ன ஆட்டம் அண்ணாச்சி?"

"மெட்ராஸ் கப்பலுக்கு லைன்ல நிக்குதீரு. மொத ஆளு நீருதான். கவுண்டருக்குள்ள கைய நீட்டுதீரு. அப்ப பெரிய ஆபீசரு, ஒரு படா சாப் வருவாரு. அவரு பின்னால அவரு மச்சான். மச்சானுக்குப் பின்னால மச்சானோட சிநேகிதன். டிக்கெட் கதம்."

"இதுல ஜெயிக்கிறது எப்படி?"

"மெயின்லேண்டுக்குப் போற ஆட்டத்துல எவன்வே ஜெயிச்சிருக்கான்?"

எனக்கென்று ஒரு ஆட்டம் வைத்திருந்தார். பந்துக்குப் பதிலாக ஃபைல். நான் எதிர் மேசைக்காரனிடம் தள்ள வேண்டும், அவன் என் மேசைக்குத் திருப்பித் தள்ளுவான். யார் மேசையில் நின்றுவிடுகிறதோ அவன் வேலை பார்க்க வேண்டும். சிங்கப்பூர்க்காரன் அந்தப் புதுப் பெட்டிக்குள் வைத்திருந்த ஆட்டமும் ஏறக்குறைய அதுதான் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை.

காண்ட்ராக்டருக்கும் ஒன்று இருந்தது.

"ரோடு ஆட்டம். மழைக்கு மொத நாளு ரோடு போடணும். மறுநாளு மழ அடிச்சுக்கிட்டுப் போயிரும். திரும்பவும் போடணும். எத்தன தரம் போடுதீரோ அத்தன பாயிண்டு."

"அப்ப தோக்குறது யாருய்யா?" என்றார் காண்ட்ராக்டர் முறைத்தபடி.

"அதுல நடக்குதவன்."

செய்தி தெருவெல்லாம் பரவி, ஆளாளுக்கு மனுப் போட ஆரம்பித்தார்கள். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த வங்காளி அண்ணன், நாங்கள் தாதா என்று கூப்பிடுபவர், தினமும் வந்து, "அண்ணாச்சி, மச்லி கேம் போடோ, படா மச்லி" என்று மீன் பிடிக்கும் ஆட்டத்துக்குக் கெஞ்சினார். தோட்டம் வைத்திருந்தவர்கள் மானை விரட்டும் ஆட்டம் கேட்டார்கள். காலில் ஏறும் அட்டையைப் பிடுங்கும் ஆட்டத்துக்கு குட்வில் எஸ்டேட்டிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. அட்டையா மானா என்று இரண்டு கட்சி பிரிந்து, பேச்சு முற்றி, அண்ணன் தம்பியாகப் பழகியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இல்லாத பெட்டிக்குள் இல்லாத ஆட்டத்துக்காக இவ்வளவு மனத்தாங்கல் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது என்று அப்போது நினைத்தேன். என் பேரன்கள் இன்றைக்கு அதையேதான் செய்கிறார்கள்.

பஸ்ஸில், ரேஷன் கடையில், கோயில் வாசலில் எங்கே நின்றாலும் அண்ணாச்சியின் கட்டைவிரலும் மோதிரவிரலும் காற்றில் எதையோ திருகிக்கொண்டே இருந்தன. பூட்டுத் திறக்கப் பழகுகிறாரோ என்று ஒரு கான்ஸ்டபிள் சந்தேகப்பட்டு விசாரித்திருக்கிறார்.

இதற்கு நடுவில் மன்றத்துக் கேரம் பலகை மழை ஈரத்தில் உப்பிப் போனது. நடுவில் வைத்த காய் தானாகவே ஓரத்துக்கு நடந்து போனது. மெட்ராஸிலிருந்து புதுப் பலகை வரவழைப்போம் என்றார் காண்ட்ராக்டர். அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"பலகை வேண்டாம். அந்தப் பணத்துல பெட்டி வாங்கணும்."

"அண்ணாச்சி, அது வராது. வந்தாலும் ஓடாது. உங்க ஒருத்தருக்காக எல்லாரும் பலகையில்லாம உக்காந்திருக்கணுமா?" என்றார் காண்ட்ராக்டர்.

அந்த 'ஒருத்தர்' என்ற சொல் அவரைச் சுட்டிருக்க வேண்டும். அண்ணாச்சி கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"பெட்டி வந்து நான் ஆடலேன்னா, இந்த மன்றத்துப் படி ஏற மாட்டேன். பஸ், அவ்வளவுதான்."

பலகைப் பணம் பெட்டிக்கே என்று தீர்மானம் நிறைவேறியது. அவருக்கு மனைவி மக்கள் கிடையாது. மன்றத்துப் படி ஏறாவிட்டால் ஏறுவதற்கு அவருக்கு வேறு படி இல்லை என்பது காண்ட்ராக்டர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

மறு லீவுக்கு சூசை மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கினார். கையிலே தூக்கிவரக்கூடிய பெட்டிதான். அண்ணாச்சி விடவில்லை. அது வின்சில்தான் இறங்க வேண்டும் என்று அடம்பிடித்து, பிஸ்கட் டின் அளவுப் பெட்டியை, அரிசி மூட்டை தூக்கும் பெரிய வலைக்குள் தனியாக வைக்கச் சொல்லி, அங்குலம் அங்குலமாக இறக்கினார். பயணிகள் எல்லாம் சாமானுக்காக வெயிலில் காய்ந்தார்கள். "அரே, ஜல்தி கரோ" என்று மேலே இருந்து யாரோ அவசரப்படுத்திக் கத்தினார். அரிசியையும் அந்த வேகத்தில் இறக்கியிருந்தால் தீவே பட்டினி கிடந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மன்றத்தில் நிற்க இடமில்லை. சூசை பெட்டியைத் திறந்தார். சொன்னபடியே இரண்டு திருகு. பின்னால் நீளமாக ஒரு வயர்.

"இத எங்கன சொருகணும்?" என்றார் அண்ணாச்சி.

"டி.வி.யில."

"டி.வி. எப்ப வருது?"

சூசை தயங்கினார். "வராது அண்ணாச்சி. கப்பல்ல வந்து இறங்கப்போறதா யாரும் சொல்லல. நீங்க ஏற்பாடு பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன். கேரமும் இதுல கெடயாது. பந்து ஆட்டம் மட்டுந்தான்."

அடுத்த கப்பல் என்று அண்ணாச்சி சொல்வார் என எல்லோரும் காத்திருந்தோம். அவர் சொல்லவில்லை. திருகை ஒரு தடவை தொட்டார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். மச்லி கேம் கேட்ட தாதாவுக்கு என்ன தோன்றியதோ, கடையிலிருந்து எடுத்து வந்த பேட்டரிகளைப் பெட்டியின் அடியில் போட்டு பொத்தானை அழுத்தினார்.

டிக் என்றது பெட்டி. கொஞ்சம் பொறுத்து டொக் என்றது. படம் இல்லாவிட்டாலும் பெட்டிக்குள்ளேயே சத்தம் இருந்தது. எங்களுக்குத் தெரியாத எங்கேயோ ஒரு பந்து ஓடிக்கொண்டிருந்தது.

காண்ட்ராக்டர் எழுந்தார். அவர் சொன்னதுதான் கடைசியில் பலித்திருந்தது. ஒரு வருஷமாகத் தயார் செய்து வைத்த பேச்சும் அவரிடம் இருந்திருக்கும். அவரோ வேட்டியை மடித்துக்கொண்டு பெட்டியின் ஒரு பக்கம் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, செருப்பக் கழட்டிட்டு வாங்க. ஒரு ஆட்டம் போடுவோம்."

"எதப் பாத்துவே ஆடுதது?"

"பந்து ஓடுற சத்தம் கேக்குதுல்ல? எனக்குக் கேக்குது."

அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். கட்டைவிரலும் மோதிரவிரலும் திருகைப் பிடித்தன. டிக், டொக், டிக், டொக். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு திருகினார்கள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திடீரென்று நீளமாக ஒரு பீப். யாரோ பந்தை விட்டுவிட்டார்கள். யார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"போச்சு, விட்டுட்டேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் காண்ட்ராக்டர்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்து அவரையே சற்று நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீரு வெடுக்குன்னு திருகுதீருவே. பையத் திருகணும். அடுத்த ஆளு யாரு?"

அடுத்து நான் உட்கார்ந்தேன், தோற்றேன். சூசை தோற்றார். தாதாவும் தோற்று, "ஹார் கயா, ஹார் கயா" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அட்டைக் கட்சியும் மான் கட்சியும் ஒரே வரிசையில் நின்று தோற்றன. வென்றது யார், தோற்றது யார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாத அந்த ஆட்டத்தில், பெட்டி பழுதாகிப் போகும்வரை அண்ணாச்சி ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. தோற்றவர்களை எல்லாம் சிரித்துக்கொண்டே திட்டினார்.

அந்தத் திட்டை வாங்க இன்னும் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் தோற்க நான் தயார். எதிரே உட்கார அவர்தான் இல்லை.