கால் நனையாத நாடு

உலர்நாடு என்று ஒரு நாடு. அதன் நடுவே ஒரு நதி ஓடியது. கல்யாணம் ஆகாதவர்கள் அந்த நதியில் கால் வைப்பதில்லை என்பது உலர்நாட்டின் பெருமை. வைக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. வைப்பதில்லை என்றே சொன்னது. நடக்காத ஒன்றை எதற்காகத் தடை செய்ய வேண்டும் என்று சட்டம் எழுதிய பெரியவர்கள் நினைத்திருக்கலாம்.

நதிக்கரைச் சேற்றில் ஒரு புழு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். புகுந்ததும் ஒன்றும் செய்யாது. நாலைந்து வருடம் கழித்து ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட ஆளை எழுந்திருக்க விடாது, அவ்வளவுதான். நடு ஆற்றின் ஆழத்தில் அந்தப் புழு கிடையாது. இறங்குவதற்கு முன் கரைத்தைலம் தடவிக்கொண்டால் கரையில்கூட அண்டாது. புகுந்துவிட்டாலும் தினமும் ஒரு குவளை கஷாயம் குடித்தால் அது தூங்கிவிடும். குடிப்பவர் பேரன் பேத்தி எடுத்துவிட்டு நிதானமாகப் போய்ச் சேரலாம். தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. இதெல்லாம் அந்த நாட்டு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியே சொல்லத்தான் அவர்களுக்கு அனுமதி இல்லை.

உலர்நெறித் துறை என்று ஒரு துறை இருந்தது. அது முதல் வேலையாக எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் நதியைப் பற்றிய பாடத்தைப் பசை வைத்து ஒட்டியது. பிள்ளைகள் அந்தப் பக்கங்களை வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்தார்கள். பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. பாதி தெரிந்துகொண்டவர்கள்தான் முதலில் இறங்கினார்கள்.

படித்துறை இருப்பதால்தானே இறங்குகிறார்கள் என்று அடுத்த ஆண்டு படித்துறையை இடித்தார்கள். உடைந்த கற்கள் கரையெங்கும் கிடந்தன. காலைக் கிழித்துக்கொள்ளாமல் இனி யாரும் நதியில் இறங்க முடியாது. பிறகு கல்யாணப் பத்திரம் காட்டுகிறவர்களுக்கு மட்டுமே கரைத்தைலம் விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. அதன் பிறகு நகர வாசலில் மாலைதோறும் இளைஞர்களின் தலைமுடியைத் தடவிப் பார்க்கக் காவலர்களை நிறுத்தினார்கள். முடி ஈரமாக இருந்தால் வீட்டுக்கு ஓலை போகும்.

இளைஞர்கள் முட்டாள்கள் இல்லை. தலை நனையாமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார்கள். ஆழத்துக்குப் போவதை விட்டுவிட்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில், கரைச் சேற்றிலேயே நின்றுகொண்டார்கள். காவலர்களின் கைகள் உலர்ந்தே இருந்தன. திட்டம் மகத்தான வெற்றி என்று துறை அறிவித்தது.

மருதி அந்தச் சேற்றில் நின்றவர்களில் ஒருத்தி. வயது பத்தொன்பது. மலைப்பக்கத்து ஊரிலிருந்து மூன்று நாள் நடந்து தலைநகருக்கு வந்தவள். அரசாங்கத் தையற்கூடத்தில் காவலர்களின் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். நாற்பது பெண்களோடு ஒரே விடுதியில் படுத்தாள். நாற்பது பேர் இருந்தும் பேச ஆளில்லை. யார் என்ன பேசினாலும் விடுதிக் கண்காணிப்புப் புத்தகத்தில் ஏறிவிடும் என்பதால் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசினார்கள். சில வாரங்களில் அதையும் விட்டார்கள். ஊரில் ஆட்டுக்குட்டியோடு பேசியதைவிட இங்கே மனிதர்களோடு குறைவாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அது உண்மைதான்.

அவள் நதிக்குப் போனது தண்ணீருக்காக அல்ல. அங்கே கொற்றன் இருந்தான். நகரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளை, உலர்நெறி இளைஞர் அணியின் தலைவன். ஒவ்வொரு விடுமுறை நாளும் காலையில் சந்தையில் நின்று, "எங்கள் கால் நனையாது" என்று உறுதிமொழி சொல்லிக்கொடுப்பான். மத்தியானம் முழங்காலளவுத் தண்ணீரில் நின்று மருதியிடம் வாய் ஓயாமல் பேசுவான். அவன் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியாது. தன்னைப் பார்த்து ஒருவன் பேசுகிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஒருநாள் தைலத்தைப் பற்றி அவள்தான் கேட்டாள்.

"கடையில போய் நான் கேட்டா அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்," என்றான் அவன். "நமக்கெல்லாம் ஒண்ணும் வராது மருதி. நாம நல்ல குடும்பம்."

அவள் எந்தக் குடும்பம் என்று அவனுக்குத் தெரியாது. அவனும் கேட்டதில்லை.

ஒன்றரை வருடத்தில் மருதியின் கணுக்காலைச் சுற்றி நூல் கட்டியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. விழுந்தால் என்ன அர்த்தம் என்று ஒட்டிய பக்கத்தின் தெரிந்த பாதியில் இருந்தது. அவள் பாதப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள்.

நிலையத்தின் கண்காணிப்பாளர் பெருந்தேவனார் அவளை உட்காரச் சொல்லவில்லை. சுவரில் பெரிதாக ஒரு பூஜ்யம் எழுதி மாலை போட்டிருந்தது. முந்நூறு நாட்களாக ஒரு நோயாளிகூட இல்லை என்பதற்கான அடையாளம் அது. பரிசோதனைக்கு வருபவர் தந்தையின் கையெழுத்தும், கௌரவமான இரண்டு பெரியவர்களின் சாட்சியும் கொண்டுவர வேண்டும் என்று ஆணை வந்த நாளிலிருந்து நோய் ஒழிந்துவிட்டதாக அவர் விளக்கினார்.

"பரிசோதிக்கப்படாத உடலில் நோய் இருப்பதாகக் கருத இயலாது என்பது விதி பதினொன்று," என்றார்.

"கோடு விழுந்திருக்குங்க ஐயா."

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவளுடைய காலைப் பார்த்தார்.

"எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கும்மா," என்றார் தாழ்ந்த குரலில். "உள்ள பானை பானையா கஷாயம் இருக்கு. குடிக்க ஆளில்லாம மாசாமாசம் கீழ கொட்டுறோம். ஒரு குவளை குடுத்தா கணக்குல ஒண்ணு விழும். விழுந்தா என் வேலை போயிரும். சீக்கிரமா கல்யாணம் பண்ணிக்கோ. அப்புறம் வா, கல்யாணமானவங்கள அந்தக் கணக்குல சேக்குறதில்ல, ராஜமரியாதையா பாக்குறேன்."

மருதி தந்தைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அன்புள்ள அப்பாவுக்கு என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த விடுமுறையில் கரையேறியதும் கொற்றனிடம் சொன்னாள். அவன் தன் காலுறையை மெல்ல இழுத்து மேலே ஏற்றிக்கொண்டான். அதற்கு அடுத்த விடுமுறையிலிருந்து அவன் நதிக்கு வரவில்லை. அவள் மட்டும் நான்கு வாரம் போய் நின்றுவிட்டு வந்தாள். அந்த நான்கு வாரம்தான் அவள் வாழ்க்கையிலேயே மோசமான காலம். புழு வந்ததுகூட அவ்வளவு மோசமில்லை.

ஆயிரம் நாள் ஆனதும் பூஜ்ய விழா எடுத்தார்கள். ஒவ்வொரு தொழிற்கூடமும் ஓர் இளையவரை மேடைக்கு அனுப்ப வேண்டும். தையற்கூடம் வாய் திறக்காத பெண் என்று மருதியை அனுப்பியது. மேடையில் மன்னர், அமைச்சர்கள், பட்டம் பெற்ற பெரியவர்கள். உறுதிமொழி சொல்லிக்கொடுக்கக் கொற்றன் நடுவில் நின்றான். ஒவ்வொருவரும் முன்னால் வந்து அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மருதியின் முறை வந்தது.

அவள் திருப்பிச் சொல்லவில்லை. மன்னரைப் பார்த்துத் திரும்பினாள்.

"கஷாயம் வேணும்னா அப்பா கையெழுத்து வேணும்னு சொன்னாங்க. எங்க அப்பா தூரத்துல இருக்காரு. மன்னர்தான் எல்லாருக்கும் அப்பான்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு பெரியவங்க சாட்சியும் கேட்டாங்க. இங்க நெறைய பேரு இருக்கீங்க." காலுறையைக் கழற்றிக் காலைக் காட்டினாள். "எனக்குப் புழு இருக்குங்க."

மைதானத்தில் பத்தாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் இளையவர்கள் எல்லோரும் குனிந்து தங்கள் காலுறையைப் பார்த்துக்கொண்டார்கள். மருதி கொற்றனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரு பார்வை, அது போதும் என்று இருந்தது அவளுக்கு. அவன் உறுதிமொழியின் அடுத்த வரியைச் சொன்னான்.

அமைச்சர் மன்னரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு முன்னால் வந்தார். அவர் கோபப்படவே இல்லை.

"உலர்நாட்டில் நோயாளி இல்லை. இந்தப் பெண் நோயாளி. ஆகவே இந்தப் பெண் உலர்நாட்டவள் அல்லள். விழா தொடரலாம்."

கைதட்டல் எழுந்தது. குடிப்பதிவேட்டில் அவள் பெயரை அடித்தார்கள். தெற்கு வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். இனி அவள் பெயருக்கு ஊரிலிருந்து வரும் கடிதம் திரும்பிப் போகும். அவளும் ஊருக்குப் போக முடியாது.

தெற்கு வாசலுக்கு வெளியே ஒரு மேசை இருந்தது. அண்டை நாட்டு மன்னர்கள் குறை சொல்லக் கூடாது என்பதற்காக வெளிநாட்டுப் பயணிகளுக்கு அங்கே கஷாயம் கொடுப்பார்கள். கையெழுத்து கேட்பதில்லை, சாட்சி கேட்பதில்லை, பெயர்கூடக் கேட்பதில்லை. மேசைக்காரர் மருதியைப் பார்த்து, "வாங்க, எந்த நாடு?" என்று மரியாதையாகக் கேட்டபடி ஒரு குவளையை நீட்டினார். கசப்பு தாங்கவில்லை. அவள் அழுதுகொண்டே குடித்து முடித்தாள்.

இந்தச் செய்தி நகருக்குள் எப்படியோ பரவியது. அடுத்த மாதம் குடியுரிமை துறக்கும் அலுவலகத்தில் மூன்று பேர் வந்து நின்றார்கள். அதற்கடுத்த மாதம் முப்பது பேர். பிறகு மாதாமாதம் நூறு நூறாக வந்தார்கள். காரணம் என்ற இடத்தில் எல்லோரும் "சொந்தக் காரணம்" என்று எழுதினார்கள். துறைக்கும் இது வசதியாகவே இருந்தது. ஒவ்வொருவர் வெளியேறும்போதும் பூஜ்யம் இன்னும் உறுதியானது. வாசலுக்கு வெளியே குடிசைகள் முளைத்தன. மருதி புதிதாக வருகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கொற்றன் வரவில்லை. வருவான் என்று மூன்று வருடம் நினைத்தாள். கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. வந்தால் போதும், ஒரு குவளை குடித்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

நான்காம் வருடம் ஒரு காலையில் வாசல் அதிகாரி ஒருவர் வெளியே வந்து, தூக்குவதற்கு நான்கு ஆட்கள் வேண்டும் என்றார். உலர்நெறி இளைஞர் அணித் தலைவர் கொற்றன் இரண்டு நாள் காய்ச்சலில் காலமாகிவிட்டார், அரசு மரியாதை உண்டு, பாடை தயார், உள்ளே எல்லோரும் வயதானவர்கள், தோள் கொடுக்க ஆளில்லை. ஒரு மணி நேர அனுமதிச்சீட்டு தருவதாகச் சொன்னார். மருதி முதலில் எழுந்தாள். பெண்கள் பாடை தூக்கும் வழக்கம் இல்லையே என்று அவர் தயங்கினார். பிறகு, வெளிநாட்டவருக்கு அந்த வழக்கம் பொருந்தாது என்று தானே சொல்லிக்கொண்டு படிவத்தை எடுத்தார்.

"இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?"

மருதி யோசித்தாள். "நாங்க பேசிக்கிட்டு இருப்போம்," என்றாள்.

படிவத்தில் அப்படி ஓர் உறவு இல்லை. அவர் "கூலி" என்று எழுதிக்கொண்டார்.

அவள் இடது முன்பக்கம் தோள் கொடுத்தாள். அவன் கனக்கவே இல்லை. தெருவின் இருபுறமும் நரைத்த தலைகள் நின்று பார்த்தன. நாடு முழுக்கத் தேடினாலும் பள்ளி வயதைத் தாண்டி முப்பதை எட்டாத ஒரு முகம் இல்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் நால்வரையும் எண்ணி வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அந்த ஆண்டு அறிக்கையில் உலர்நாட்டு இளைஞர்களிடையே ஒருவருக்குக்கூட நோய் இல்லை என்று எழுதியிருந்தது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.