ஐந்து நட்சத்திரப் பிளம்பர்

செயலியில் ஆர்டர் வந்துவிட்டது. போவதற்குத்தான் ஆள் இல்லை.

வீட்டு ரிப்பேருக்கு ஆள் அனுப்பும் புதுக் கம்பெனி அது. முதலாளி, போன் எடுக்கும் பெண், ஒரு காபி மெஷின், அவ்வளவுதான். சேர்ந்த பிளம்பர்கள் ஒவ்வொருவராக நழுவியிருந்தார்கள்.

"சார், அந்தம்மா வீட்ல குழாய் ஒழுகுதாம். என்ன சொல்ல?"

"ஆள் கிளம்பிட்டாருன்னு சொல்லு" என்ற முதலாளி, மேஜைக்கடியிலிருந்து ஸ்பானரை எடுத்தார்.

கொஞ்ச காலமாகவே அவருக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. 'எதற்காக இந்தக் கம்பெனி?' என்று ஆபீஸ் பலகையில் எழுதி, கீழே பதிலுக்கு இடம் விட்டிருந்தார். அந்த இடம் படு சுத்தமாக இருந்தது.

அந்த வீட்டில் தேய்ந்துபோன வாஷரை மாற்றினார். ஒழுகல் நின்றது. வீட்டுக்காரப் பெண் அவர் முகத்தை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டாள். அன்று வீட்டில் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். மனைவி அதைக் கவனித்தாள்.

அதன் பிறகு ஆர்டர்கள் கொட்டின. "அதே ஆள்தான் வேணும்" என்றார்கள். போன வீட்டிலெல்லாம் வாஷரைக் காணவில்லை. இந்த ஊர் வாஷரே சரியில்லை என்று முடிவுகட்டினார்.

மனைவியிடம் "மீட்டிங்" என்று சொல்லிவைத்தார். மாப்பிள்ளை பெரிய கம்பெனி நடத்துகிறார் என்று மாமனார் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார். ஸ்பானரோடு மாட்டினால் மானம் கப்பலேறும்.

ஆர்டரைக் குறைக்க முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பார்த்தார். 'வெட்டிப்பேச்சு இல்லை, வேலையில்தான் கண்' என்று அதற்கும் ஐந்து நட்சத்திரம். லீவு போட்டார். "அவர் வர்ற வரைக்கும் வாளி வெச்சுக்கிறோம்" என்றார்கள்.

"சார், புது ஆர்டர். உங்க வீட்டு அட்ரஸ் மாதிரியே இருக்கு."

மாதிரி இல்லை, அதேதான்.

"வேற யாரையாவது அனுப்பும்மா."

"இருந்தா அனுப்ப மாட்டேனா சார்?"

தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி சகிதம் தன் வீட்டு மணியைத் தானே அடித்தார். மனைவி திறந்தாள்.

"என்னம்மா பிரச்சினை?" என்றார், குரலைக் கட்டையாக்கிக்கொண்டு.

"ஒழுகுதுங்க. எங்க வீட்டுக்காரருக்கு இதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்? எப்பப் பாரு மீட்டிங்."

தப்பித்தோம் என்று சமையலறைத் தொட்டிக்கடியில் புகுந்தார். இங்கேயும் வாஷரைக் காணோம். புதிதாக ஒன்றைப் போட்டு முடுக்கினார். சொட்டு நின்றதும் மனசு லேசானது. மாஸ்க்குக்குள்ளிருந்து அந்தப் பாட்டு தானாகவே கிளம்பியது. சட்டென்று வாயை மூடினார்.

கூடத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஐந்து நட்சத்திரம் போட்ட அந்த முதல் வீட்டுக்காரி. கழுத்தில், அவர் மனைவி தினமும் மாட்டிக்கொண்டு போகும் அதே ஆபீஸ் அட்டை.

"அக்கா, நம்ம ஆபீஸ்ல எல்லார் வீட்டு வாஷரையும் ஒரு சுத்து கழட்டியாச்சு" என்றாள் அவள். "சார் இப்படியே பாடிக்கிட்டு இருக்கணும்னா, அடுத்தது எதைக் கழட்டறதுன்னு சொல்லிடுங்க."